ஒரு 'போத்தோங்', மூன்று ஆங்கிலச் சொற்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்துப் பேச்சில் சம்பளத்தில் பிடித்தாலும் 'போத்தோங்' என்ற மலாய்ச் சொல்தான். கேக் வெட்டினாலும், முன்னால் போகும் லாரியைத் தாண்டினாலும் அதே போத்தோங். ஆங்கிலத்தில் இவை டிடக்ட், கட், ஓவர்டேக். அடிப்படை தாண்டி எஸ்.பி.எம் (ஐந்தாம் படிவத் தேர்வு) அளவு ஆங்கிலத்துக்குப் போகிறவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான். அப்படி விழாமல் ஆங்கிலச் சொற்களைப் பழக ஒரு வழி இது.

தேவையானவை: மளிகைக்கடையில் கடன் எழுதும் 555 புத்தகம், பேனா, கைப்பேசியில் ஓர் அகராதி.

1. நாளைக்கு ஐந்தே சொல். 'ஆயிரம் சொற்கள்' பட்டியலெல்லாம் வேண்டாம். சம்பளச் சீட்டு, மருந்து டப்பா, வேலை விளம்பரம் என்று கண்ணில் படுவதிலிருந்து எடுங்கள்.

2. சொல்லுக்கு ஒரு பக்கம். தலைப்பில் ஆங்கில எழுத்திலேயே எழுதவும். தமிழில் எழுதினால் டிடக்ட் (கழி), டிடெக்ட் (கண்டறி) இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்து குழப்பும். அதன் கீழே தமிழ்ப் பொருள், பிறகு கூடவே வரும் சொல். டிடக்டுக்கு 'ஃப்ரம்' வரும். அடுத்து உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம்: 'தே டிடக்டட் 187 ரிங்கிட் ஃப்ரம் மை சேலரி.' (1,700 ரிங்கிட்டுக்கு இபிஎஃப், அதாவது ஊழியர் சேமநிதி, 11 விழுக்காடு.) கடைசி வரியில் அதன் பெயர்ச்சொல், டிடக்‌ஷன்.

இதே இடத்தில் 'ரிடியூஸ்ட் மை சேலரி' என்று கிராணியிடம் (தோட்ட அலுவலக எழுத்தர்) சொன்னால், சம்பளத்தையே குறைத்துவிட்டார்கள் என்று ஆகிவிடும். பொருள் மட்டும் எழுதி வைத்தால் இந்த வித்தியாசம் பிடிபடாது.

3. மறுநாள், 3ஆம், 7ஆம், 14ஆம் நாள் திருப்பிப் பாருங்கள். ஆங்கிலத்தை மூடிவிட்டு, தமிழைப் பார்த்து வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வெறுமனே வாசித்தால் சொல் பழகிய முகமாகத் தெரியும், பேசும்போது வராது. தவறினால் அந்தச் சொல்லுக்கு மறுபடி முதல் நாள்.

இரண்டு வாரத்தில் தினமும் 20 பழைய சொல், 5 புதுச் சொல் என்று சேரும். நேரமில்லாத நாளில் புதுசை நிறுத்துங்கள், பழசை விடாதீர்கள். பலர் தலைகீழாகச் செய்துதான் ஒரே மாதத்தில் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள்.

4. கடைசிப் பத்துப் பக்கம் 'மாட்டிக்கொள்ளும் சொற்கள்'. முதலில் கடன் வாங்கினாலும் கொடுத்தாலும் சொல்லும் மலாய் 'பிஞ்சாம்' எழுதுங்கள்: வாங்குகிறவர் பாரோ, கொடுக்கிறவர் லெண்ட். 'கேன் யூ பாரோ மீ' தவறு, 'கேன் யூ லெண்ட் மீ' சரி. அடுத்து நம்மூர் 'எக்‌ஷன்'. பந்தா காட்டுகிறவனை 'வெரி எக்‌ஷன்' என்றால் வெளியூர்க்காரருக்குப் புரியாது. அதற்கு 'ஷோ ஆஃப்'.