ஆயில் பிரஷர் சென்சார்: மாற்றுவதற்கு முன் செய்யும் தவறுகள்

டேஷ்போர்டில் எண்ணெய்க் குடுவைப் படம் சிவப்பாக எரிந்தால், "சென்சார் போயிருக்கும், வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்று வண்டியை ஓட்டுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. பிரஷர் நிஜமாகவே இல்லையென்றால் பேரிங்குகள் சில நிமிடங்களில் நாசமாகிவிடும். ஓரங்கட்டி உடனே எஞ்சினை அணையுங்கள். சற்று நேரம் விட்டு, சமதளத்தில் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு காட்டும் கம்பி) எடுத்துப் பாருங்கள்.

அளவு சரியாக இருந்தால் சென்சார்தான் குற்றவாளி என்று முடிவு கட்டுவது அடுத்த தவறு. சம்ப்பில் (எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) ஆயில் நிறைய இருந்தும், உறிஞ்சும் வலை அடைத்திருந்தாலோ பம்ப் தேய்ந்திருந்தாலோ பிரஷர் வராது.

பல கார்களில் சென்சார் என்று இருப்பது ஒற்றை வயர் ஸ்விட்ச். பிரஷர் இல்லாதபோது அது லைட்டின் வயரை எஞ்சின் உடம்போடு இணைத்துவிடும், லைட் எரியும். பிரஷர் ஏறினால் இணைப்பை விட்டுவிடும். அந்த வயரைக் கழற்றி, எங்கும் உரசாமல் தள்ளி வைத்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். அப்போதும் லைட் எரிந்தால் வயர் எங்கோ உடம்பில் உரசுகிறது. புது ஸ்விட்ச் வாங்குவது வீண். லைட் அணைந்தால்? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஸ்விட்ச் கெட்டிருக்கலாம், பிரஷரே இல்லாமலும் இருக்கலாம். இந்தச் சோதனையால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது.

அதைச் சொல்வது ஆயில் பிரஷரை நேரடியாக அளக்கும் மெக்கானிக்கல் கேஜ் மட்டும்தான். ஸ்விட்ச்சைக் கழற்றிய துளையில் கேஜை மாட்டி, எஞ்சின் நன்றாகச் சூடானபின் ஐடிலிலும் (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல் ஓடும்போதும்) 2000 ஆர்பிஎம்மிலும் பார்த்து, உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். பொதுவாக இந்த ஸ்விட்ச் 0.3 முதல் 0.5 பார் வரையில்தான் வேலை செய்யும். அதாவது, லைட் எரியும்போதே நிலைமை முற்றிப்போயிருக்கும். சூடான எஞ்சினில் ஐடிலில் மட்டும் லைட் மினுக்கினால் அலட்சியம் வேண்டாம்.

மூன்று வயர் உள்ள சென்சார் என்றால் வயரை எர்த்தில் (எஞ்சின் உடம்பில்) தொட்டுப் பார்க்கும் பழைய வித்தை கூடவே கூடாது, வண்டியின் கம்ப்யூட்டர் பழுதாகலாம்.

சரி, சென்சார்தான் கெட்டது என்று உறுதியாகிவிட்டது. வண்டி மாடலைச் சொல்லி வாங்குங்கள். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் மரையும் வேலை செய்யும் பிரஷரும் மாறும். எஞ்சின் ஆறியபின், ஆழமான சாக்கெட் போட்டுக் கழற்றுங்கள். சாதாரண பானாவால் திருகினால் பிளாஸ்டிக் தலை உடையும். ஒற்றை வயர் ஸ்விட்ச்சுக்கு மரை வழியாகத்தான் எர்த் கிடைக்கிறது. டெஃப்லான் டேப்பைத் தடிமனாகச் சுற்றினால் எர்த் போகும், பிய்ந்த துண்டு ஆயில் வழியையும் அடைக்கும். புதியதில் கம்பெனியே சீலன்ட் தடவியிருந்தால் மேலே எதுவும் வேண்டாம். பலத்தையெல்லாம் காட்டி இறுக்கினால் அலுமினிய மரை பிய்ந்துவிடும்.

பழைய கனெக்டருக்குள் ஆயில் ஊறியிருந்தால் துடைத்துவிட்டு மாட்டுங்கள். ஸ்டார்ட் செய்ததும் சில நொடிகளில் லைட் அணைய வேண்டும். அப்புறம் எஞ்சின் சூடாகும்வரை ஓடவிட்டு, ஸ்விட்ச்சைச் சுற்றி ஒரு வெள்ளைத் துணியால் துடைத்து, கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்.