கிடப்பில் போன வழக்குகளுக்குத் தனிப் பிரிவு: தொடக்கத்திலேயே தவிர்க்க வேண்டிய தவறுகள்

துப்பு துலங்காமல் கிடப்பில் போன வழக்குகளை மறுபடி விசாரிக்கக் காவல் துறையில் தனிப் பிரிவு தொடங்கப் போகிறார்கள் என்றால், உடனே எழும் கேள்வி 'முதலில் எந்த வழக்கு?' என்பதுதான். எல்லோரும் பேசிய ஒரு கொலையைத்தான் சொல்வார்கள். புதிதாகப் பொறுப்பேற்ற அதிகாரியும் பெரும்பாலும் அதையே கையில் எடுப்பார். பிரிவின் முதல் சறுக்கல் இங்கேயே நடந்துவிடுகிறது. பேர் பெற்ற வழக்கு என்பதாலேயே அது தீர்க்கக்கூடிய வழக்கு ஆகிவிடாது. அதில் ஏற்கெனவே பல குழுக்கள் கை வைத்திருக்கும். தடயங்கள் பல இடம் போய் வந்திருக்கும். சாட்சிகள் தாங்கள் கண்ணால் பார்த்ததையும் செய்தியில் படித்ததையும் பிரிக்க முடியாமல் கலந்து வைத்திருப்பார்கள். அதே நேரம், யாருமே பேசாத ஒரு வழக்கில் சீல் உடையாத ஒரு பெட்டி அப்படியே கிடக்கலாம்.

ஆகவே முதல் வேலை எண்ணிக்கை எடுப்பது. எதை 'கிடப்பில் போன வழக்கு' என்று சொல்கிறோம் என்பதை முதலில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் தேசிய நீதி நிறுவனம் இத்தகைய பிரிவுகளுக்காக 2019-இல் வெளியிட்ட வழிகாட்டி, குறைந்தது 3 ஆண்டுகள் தீராமல் இருந்து, புதிய தகவலாலோ நவீன ஆய்வு முறையாலோ தீர வாய்ப்புள்ள வழக்கு என்று வரையறுக்கிறது. கொலையோடு நிறுத்தாமல் காணாமல் போனவர்களையும் அடையாளம் தெரியாத சடலங்களையும் அது சேர்த்துக்கொள்கிறது. இந்த இரண்டையும் விட்டுவிடுவது பரவலான தவறு. ஒரு காவல் நிலையத்தில் 'காணவில்லை' என்று கிடக்கும் கோப்பும், வேறொரு எல்லையில் 'அடையாளம் தெரியாத பெண்' என்று கிடக்கும் கோப்பும் ஒரே ஆளைப் பற்றியதாக இருக்கலாம். 1992-இல் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப்பில் ஒரு பெண்ணின் உடல் கிடைத்தது. கையில் கறுப்புப் பூ பச்சை குத்தியிருந்தது. 31 ஆண்டுகள் யாரென்றே தெரியவில்லை. 2023-இல் இன்டர்போல் அந்தப் பச்சைக் குத்தலின் படத்தை வெளியிட்ட பிறகு, பிரிட்டனில் இருந்த குடும்பத்தார் அடையாளம் சொன்னார்கள். கொலையுண்டவர் யாரென்று தெரிந்த பிறகுதானே கொலையாளியைத் தேடவே தொடங்க முடியும்!

எண்ணிக்கை எடுக்கும்போது ஒவ்வொரு வழக்குக்கும் கேட்க வேண்டியவை கொஞ்சம்தான். கோப்பு இருக்கிறதா? தடயப் பொருள் இருக்கிறதா? முக்கிய சாட்சிகள் உயிரோடு இருக்கிறார்களா? சட்டப்படி இன்னும் வழக்குத் தொடர முடியுமா? இதைச் செய்து முடிக்க மாதக் கணக்கில் ஆகலாம். செய்தி எதுவும் வராத வேலை. ஆனால் வரிசை தீர்மானமாவது இங்கேதான்.

பொருள் வைத்திருக்கும் அறை

ஆய்வகத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் தடயப் பொருள்களை வைத்திருக்கும் அறைக்குள் போய்ப் பார்க்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 1970, 80-களில் கலிஃபோர்னியாவைக் கதிகலங்க வைத்த தொடர் கொலைகாரன் 2018 ஏப்ரலில் பிடிபட்டான். மக்கள் தங்கள் வம்சாவளியைத் தேடும் இணையதளத்தில் டிஎன்ஏவைப் பொருத்தித் தூரத்து உறவினர்களைக் கண்டுபிடித்து, அங்கிருந்து அவனை நெருங்கிய விதத்தைத்தான் உலகம் பேசியது. ஆனால் அதற்குப் போதுமான மாதிரி எங்கிருந்து வந்தது? வென்ச்சுரா என்ற இடத்தில் பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் மாதிரிகளை இரண்டு தொகுப்பாக எடுத்து, ஒன்றை உறைநிலையில் வைக்கும் பழக்கம் உள்ளவர். அந்த இரண்டாவது தொகுப்பு தொடப்படாமல் இருந்தது. சியாட்டில் பகுதியில் நடந்த 'கிரீன் ரிவர்' கொலைகளிலும் இதே கதை. 1987-இல் சந்தேக நபர் ஒருவரை ஒரு துணித் துண்டை மெல்லச் சொல்லி எச்சில் எடுத்து வைத்தார்கள். அன்றைக்கு அதை வைத்து ஒன்றும் செய்ய முடியவில்லை. 2001-இல் அதே துண்டு அவனைக் காட்டிக்கொடுத்தது. 2003-இல் 48 கொலைகளை ஒப்புக்கொண்டான்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2009-இல் டெட்ராய்ட்டில் காவல் துறையின் கிடங்கு ஒன்றில், பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்களிடமிருந்து எடுத்த மாதிரித் தொகுப்புகள் 11,000-க்கும் மேல், சோதிக்கப்படாமலே கிடந்தது தெரியவந்தது. ஒவ்வொரு தொகுப்புக்கும் பின்னால், அந்த வேதனையோடு மணிக்கணக்கில் பரிசோதனைக்கு உட்பட்ட ஒருவர் இருக்கிறார். அவரிடம் 'வாங்கி வைத்தோம், பார்க்கவில்லை' என்று யார் சொல்வது?

பெட்டி கிடைத்துவிட்டது, சரி. அடுத்த தவறு, ஆவலில் அதை அங்கேயே திறப்பது. பழைய அட்டைப் பெட்டி. மேலே மை மங்கிப்போன எண். ஒரு பக்கம் சீல் பாதி உரிந்திருக்கும். உள்ளே ஒரு சட்டை, ஈரம் காயுமுன்னே பிளாஸ்டிக் உறையில் போட்டதால் பூஞ்சை பிடித்திருக்கும். அதே பெட்டியில், வேறு உறையில், சந்தேக நபரின் செருப்பு. இரண்டு உறையும் கிழிந்திருந்தால் ஒன்றின் துகள் மற்றொன்றில் ஒட்டியிருக்கலாம். இந்த நிலையில் கை வைக்காமல், எப்படிக் கிடக்கிறதோ அப்படியே படம் எடுத்து, சீலின் நிலையைக் குறித்து, தடய அறிவியல் நிபுணரை வரவழைத்துத் திறக்க வேண்டும். 1993-இல் லண்டனில் பேருந்து நிறுத்தத்தில் நடந்த இனவெறிக் கொலையில், சந்தேக நபர் ஒருவனின் ஜாக்கெட் காலரில் 0.5 மி.மீ. நீளமும் 0.25 மி.மீ. அகலமும் உள்ள ரத்தக் கறை ஒன்று மறு ஆய்வில் கிடைத்தது. பொருள்களைப் பாதுகாத்து வைத்த இடத்தில் ரத்தம் ஒட்டியிருக்கலாம் என்றுதான் எதிர்த்தரப்பு வாதாடியது. அந்தப் பொருள் எந்தெந்தக் கை மாறியது என்பதை ஆண்டு ஆண்டாகத் தடம் பிடித்துக் காட்டிய பிறகே 2012-இல் இருவருக்குத் தண்டனை கிடைத்தது.

மாதிரி கொஞ்சமாக இருந்தால் முழுவதையும் ஒரே சோதனையில் தீர்த்துவிடக் கூடாது. எந்தச் சோதனை முதலில், எவ்வளவு மிச்சம் வைப்பது என்று ஆய்வகத்தோடு உட்கார்ந்து பேசி எழுதிக்கொள்ள வேண்டும்.

டிஎன்ஏ சொன்னால் முடிந்ததா?

ஜெர்மனியில் 2007-இல் ஹைல்பிரானில் ஒரு பெண் காவலர் கொல்லப்பட்டார். அங்கே கிடைத்த ஒரு பெண்ணின் டிஎன்ஏ, பல ஆண்டுகளாக ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் என்று சம்பந்தமே இல்லாத சுமார் 40 குற்றங்களிலும் கிடைத்திருந்தது. உருவம் தெரியாத அந்தக் கொலைகாரியைத் தேடி அலைந்தார்கள். 2009-இல் உண்மை வெளிவந்தது: மாதிரி எடுக்கும் பஞ்சுக் குச்சிகளைத் தயாரிக்கும் இடத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் டிஎன்ஏ அது. பொருத்தம் கிடைத்தவுடன் 'ஆள் மாட்டிக்கொண்டான்' என்று நினைக்கும் பிரிவுகள் இந்தக் கதையை மறக்கவே கூடாது. டிஎன்ஏ ஒருவர் அங்கே இருந்திருக்கலாம், பொருளைத் தொட்டிருக்கலாம் என்றுதான் சொல்லும். எப்போது, எதற்காக என்பதைச் சொல்லாது. அதைச் சொல்ல மனிதர்கள்தான் வேண்டும்.

மனிதர்கள் என்றதும் இன்னொன்று. ஆண்டுகள் போனதை நஷ்டமாக மட்டுமே பார்ப்பது தவறு. அன்று 'ராத்திரி முழுக்க வீட்டில்தான் இருந்தார்' என்று கணவனுக்காகச் சொன்ன மனைவி இன்று விவாகரத்து ஆகி வேறு ஊரில் இருக்கலாம். பயந்து வாயை மூடிக்கொண்ட பதினைந்து வயதுப் பையன் இன்று இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. கோப்பைப் படிக்கும்போதே யாருக்கும் யாருக்கும் இடையே உறவு மாறியிருக்கிறது என்று தனியாக ஒரு பட்டியல் போடலாம். பல நேரம் அதுதான் நல்ல துப்பு.

ஆனால் அவர்களிடம் கேட்கும் விதத்தில் கவனம் வேண்டும். ஒரே ஒரு படத்தைக் காட்டி 'இவன்தானே?' என்றால் நினைவே மாறிவிடும். 1984-இல் வட கரோலினாவில் ஒரு பெண், தன்னைத் தாக்கியவன் இவன்தான் என்று மனதார நம்பி அடையாளம் காட்டினார். அந்த மனிதர் பத்தாண்டுக்கு மேல் சிறையில் இருந்த பிறகு, 1995-இல் டிஎன்ஏ அவரை விடுவித்தது. அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. அவ்வளவு உறுதியாக இருந்தும் தவறு.

கோப்பு படிப்பதிலும் இதே ஆபத்து. முந்தைய விசாரணை அதிகாரியின் சுருக்க அறிக்கையை முதலில் படித்தால், அவர் சந்தேகப்பட்டவரையே நாமும் சந்தேகப்படுவோம். முதல் சில நாள்களின் வாக்குமூலங்கள், சம்பவ இடப் படங்கள், பிரேதப் பரிசோதனை அறிக்கை எல்லாம் முடித்த பிறகே அந்தச் சுருக்கத்துக்கு வர வேண்டும். 1992-இல் லண்டனின் விம்பிள்டன் பொதுவெளியில் நடந்த கொலையில் ஒரே ஆளைக் குறிவைத்து ரகசியக் காவலரை அனுப்பிப் பேச வைத்தார்கள். 1994-இல் அந்த வழக்கு நீதிமன்றத்தில் நிற்கவில்லை. உண்மைக் கொலையாளி 2008-இல்தான் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டான். இடைப்பட்ட காலத்தில், 1993-இல், அவன் ஒரு தாயையும் அவருடைய சின்னக் குழந்தையையும் கொன்றிருந்தான்.

ஆள், பணம், குடும்பம்

பிரிவில் நாலு பேர் என்று தாளில் இருக்கும். பந்தோபஸ்து வந்தால் நாலு பேரும் அங்கே போய்விடுவார்கள். பழைய வழக்கு என்றைக்கும் அவசரம் இல்லை என்பதால் இன்றைய வழக்கிடம் எப்போதும் தோற்கும். வேறு பணிக்கு அனுப்பக் கூடாது என்று எழுத்துப்பூர்வ உத்தரவு இல்லாமல் தொடங்கவே வேண்டாம். ஒரு முறை கிடைத்த நிதியை நம்பித் தொடங்கினால் நிதியோடு பிரிவும் போய்விடும். அரசு வழக்கறிஞர் ஒருவரை முதல் நாளிலிருந்தே கூட வைத்துக்கொள்வது நல்லது. கைது எண்ணிக்கையை வைத்து மதிப்பிடுவதும் கெடுதல். சந்தேக நபர் இறந்துவிட்டது உறுதியானாலும், தவறாகச் சந்தேகிக்கப்பட்டவர் மேல் இருந்த பழி நீங்கினாலும் அது பிரிவு செய்த வேலைதான்.

அப்புறம் குடும்பம். பெட்டி இருக்கிறதா என்று பார்க்கும் முன்பே ஒரு தாய்க்குப் போன் செய்து 'மறுபடி விசாரிக்கிறோம்' என்றால், அன்றிலிருந்து ஒவ்வொரு போன் மணிக்கும் அவர் நெஞ்சு படபடக்கும். ஒன்றுமே சொல்லாமல் விட்டால் தொலைக்காட்சியில் பார்த்துத் தெரிந்துகொள்வார். முன்னேற வழி இருக்கிறது என்று உறுதியானதும் நேரில் போய், என்ன செய்யப் போகிறோம், எது நடக்காமல் போகலாம் என்று இரண்டையும் சொல்லி, பேச ஒரே அதிகாரியின் எண்ணைக் கொடுத்துவிட்டு வர வேண்டும். செய்தி இல்லாவிட்டாலும் சொன்ன தேதியில் அந்த அதிகாரி கூப்பிட வேண்டும்.

பல வழக்குகள் இந்த முறையும் தீராது. அப்போது கோப்பை அப்படியே மூடி அடுக்கில் வைத்துவிடுவதுதான் கடைசித் தவறு. முதல் பக்கத்தில் ஒரு தாள் வைக்க வேண்டும்: எந்தப் பொருளில் எந்தச் சோதனை செய்தோம், மாதிரி எவ்வளவு மிச்சம், அது எந்த உறைபெட்டியில் இருக்கிறது, யாரிடம் இன்னும் பேசவில்லை, மறுபடி எந்த ஆண்டு எடுத்துப் பார்க்க வேண்டும். கீழே தேதியும் கையெழுத்தும்.