முதல் செங்கல்லுக்கு முன்னால் வாங்கும் கடன்

நியூ ஜெர்சியில் லாபநோக்கற்ற சிறிய அமைப்பு ஒன்றில் ஆறு ஆண்டுகள் பொருளாளராக இருந்தேன். முதியவர்களுக்குக் குறைந்த வாடகையில் 40 வீடுகள் கட்டுவது திட்டம். கட்டுமானத்துக்குப் பணம் புரட்டுவதுதான் பெரும்பாடு என்று நினைத்துப் போனேன். அதற்கு முந்தைய பணம்தான் படுத்தி எடுத்தது. ஆர்க்கிடெக்ட், வக்கீல், மண் ஆய்வு, நிலத்துக்கு அட்வான்ஸ், நகராட்சிக் கட்டணம் எல்லாம் ஒரு செங்கல் கூட கையில் வராத செலவுகள். நிலமும் இன்னும் நம்முடையதில்லை. வெறும் வரைபடத்தை எந்த வங்கி அடகு பிடிக்கும்?

இந்த இடைவெளிக்காகவே இருப்பது ப்ரீடெவலப்மென்ட் லோன். 1979-ல் தொடங்கிய லிஸ்க், 1982-ல் தொடங்கிய என்டர்பிரைஸ் போன்ற லாபநோக்கற்ற அமைப்புகள் இதைக் கொடுக்கின்றன. வங்கிகள் எட்டிப் பார்க்காத பகுதிகளுக்குக் கடன் கொடுக்கவென்றே இருக்கும், மத்திய நிதித்துறையின் சான்று பெற்ற சி.டி.எஃப்.ஐ. நிறுவனங்களும் உண்டு. இவர்களில் உள்ளூரில் கடன் கொடுப்பவரிடம் முதலில் போங்கள். நகராட்சியில் கோப்பு எந்த மேஜையில் தூங்கும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

கடன் கேட்கும்போது நிலம் உங்கள் பிடியில் இருக்க வேண்டும். அதற்கு ஆப்ஷன் ஒப்பந்தம் போதும். நம் ஊரில் அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமென்ட் போடுவது மாதிரிதான். ஆனால் வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் நமக்கு இல்லை. அவசரப்பட்டுக் கிரயம் செய்துவிடாதீர்கள். மத்திய வீட்டுவசதித் துறையின் ஹோம் நிதி போன்றவற்றுக்கு விண்ணப்பித்த பிறகு, சுற்றுச்சூழல் ஆய்வு முடியும்வரை நிலத்தை வாங்கவோ பழைய கட்டடத்தை இடிக்கவோ கூடாது. மீறினால் அந்த நிதியை மறந்துவிட வேண்டியதுதான்.

அப்புறம், எதற்கு முதலில் செலவழிப்பது என்ற கேள்வி. இதில்தான் நான் சூடுபட்டேன். படம் அழகாக இருந்தால் நகராட்சி மசியும் என்று நம்பி, கடனின் முதல் தவணையில் ஆர்க்கிடெக்டுக்கு 60,000 டாலர் கொடுத்தோம். மூன்று மாதம் கழித்துத்தான் ஃபேஸ் ஒன் எடுத்தோம். பழைய வரைபடங்களையும் அரசுப் பதிவுகளையும் புரட்டி, இடத்தை நடந்து பார்த்து, முன்பு அங்கே என்ன இருந்தது என்று சொல்லும் அறிக்கை அது. பக்கத்து மனையில் ஒரு காலத்தில் டிரை கிளீனிங் கடை இருந்ததாம். அந்தத் தொழிலில் புழங்கிய பெர்க் என்ற ரசாயனம் மண்ணில் இறங்கி, நிலத்தடி நீரோடு அடுத்த மனைக்கும் போய்விடும். மண்ணைத் துளைத்துப் பார்க்கும் ஃபேஸ் டூ தேவைப்பட்டது. கடைசியில் கட்டடத்தை மனையின் மறுகோடிக்குத் தள்ள வேண்டியதாயிற்று. வரைபடம் குப்பைக்குப் போனது. சில ஆயிரம் டாலர் அறிக்கையை முதலில் எடுத்திருக்கலாம்.

ஆகவே திட்டத்தையே கவிழ்க்கக்கூடிய கேள்விகளில், குறைந்த செலவில் விடை கிடைப்பவற்றை முதலில் கேளுங்கள். மண் எப்படி, எந்த மனையில் என்ன கட்டலாம் என்று சொல்லும் ஜோனிங் விதி இடம் கொடுக்குமா, அந்த வாடகைக்கு ஆள் வருமா. படம் பிறகு வரட்டும். ஃபேஸ் ஒன் அறிக்கையின் முக்கியப் பகுதிகள் 180 நாளில் பழசாகிவிடும். கிரயத்துக்கு முன் புதுப்பிக்கவும் கொஞ்சம் பணம் ஒதுக்குங்கள்.

கட்டுமானக் கடன் கைக்கு வரும் நாளில் இந்தக் கடன் அடைபடும். அந்த நாள் பெரும்பாலும், குறைந்த வாடகை வீடுகளில் முதலீடு செய்பவர்களுக்காக 1986-ல் வந்த வரிச்சலுகைத் திட்டத்தின் கையில் இருக்கிறது. அதில் பெரியதான 9 சதவீதச் சலுகைக்கு மாநில வீட்டுவசதி முகமை நடத்தும் போட்டியில் ஜெயிக்க வேண்டும். ஒரு சுற்றில் தோற்றால் பல மாநிலங்களில் அடுத்த ஆண்டுதான். அதனால் 12 மாதக் கடனுக்குத் தலையாட்டாதீர்கள். 24 மாதம் கேளுங்கள், நீட்டிப்பையும் எழுத்தில் வாங்குங்கள். வட்டிக்கென்று பட்ஜெட்டில் தனித் தொகை இருக்கட்டும்.

திட்டம் நின்றுபோனால் கடனை யார் கட்டுவது? கேட்கக் கூச்சப்படுவோம், கேட்டே ஆக வேண்டும். சில நிறுவனங்கள் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யும். எங்கள் ஒப்பந்தத்தில் முழுத்தொகைக்கும் அமைப்பே பொறுப்பு. போர்டு கூட்டத்தில் அந்த வரியைச் சத்தமாகப் படித்தேன். இரண்டு பேர் எழுந்து காபி எடுக்கப் போய்விட்டார்கள். அவர்கள் திரும்பி வரும்வரை காத்திருந்து, இன்னொரு தடவை படித்துவிட்டுத்தான் தீர்மானத்தில் கையெழுத்து வாங்கினேன்.