ஒயின் ரசிக்க பந்தா எதுக்கு?

ஒயின்னா விஷயம் தெரிஞ்சவங்களுக்கு மட்டும்தான்னு யாராவது சொன்னா காதுலயே போட்டுக்காதீங்க, 1976ல பாரிஸ்ல லேபிளை மறைச்சு ருசி பாக்க வச்சப்போ பிரெஞ்சு நடுவர்களே கலிஃபோர்னியா ஒயினுக்குத்தான் முதல் இடம் குடுத்தாங்க, அதனால உங்க நாக்கை நம்புங்க. கிளாஸ்ல மூணுல ஒரு பங்கு ஊத்தி, லேசா சுழட்டி, நல்லா மோந்து பாத்துட்டு ஒரு வாய் குடிங்க. நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசம் வந்தா கார்க்கால கெட்டுப்போன பாட்டில், தப்பு உங்க ரசனைல இல்ல.

சேத்து வைக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு, முக்கால்வாசி ஒயின் சீக்கிரம் குடிக்கறதுக்குன்னே செஞ்சது, வருஷம் ஆனா ருசி கூடாது, செத்துப்போயிடும். டானினும் (வாயைத் துவர்க்க வைக்கற பொருள்) புளிப்பும் தூக்கலா இருக்கறதுதான் தாங்கும். கார்க் காயாம இருக்க பாட்டிலைப் படுக்க வைங்க, வெயிலும் ஆட்டமும் இல்லாத இடத்துல 12-14 டிகிரி செல்சியஸ்ல, கிச்சன் அலமாரி வேண்டவே வேண்டாம்!

முதலீடுன்னா பிரான்ஸ்ல இருக்கற போர்டோ, பர்கண்டி மாதிரி பேர் போன இடத்து ஒயினைத்தான் திரும்ப விக்கறது சுலபம். வட்டி, டிவிடெண்ட் எதுவும் வராது, ஸ்டோரேஜுக்கும் இன்ஷூரன்ஸுக்கும் காசு மட்டும் போய்ட்டே இருக்கும். யார்கிட்ட இருந்துச்சு, எப்படி வச்சிருந்தாங்கன்னு பேப்பர் இல்லாத பாட்டிலை எவ்ளோ மலிவா குடுத்தாலும் தொடாதீங்க, போலி நிறைய சுத்துது.