பழைய இழைப்பு மெஷினை வழிக்குக் கொண்டுவந்த கதை

கடலோர ஊரான மண்டபத்தில் பட்டறையை மூடிய ஒருவரிடம் 6 அங்குல மர இழைப்பு மெஷின் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். மேசையெல்லாம் துரு. கடல்காற்று இரும்பை விட்டுவைக்குமா? மண்ணெண்ணெயும் உப்புத்தாளும் போட்டுத் தேய்த்ததில் அது போய்விட்டது.

தலைவலி அப்புறம்தான். வேப்பம்பலகையை விட்டால் கடைசி 2 அங்குலம் மட்டும் பள்ளம் விழுந்தது. பிளேடு மொட்டை என்று சாணை பிடித்தேன், காசுதான் தண்டம். பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்மேசையிலிருந்து (பிளேடைத் தாண்டி பலகை வெளியே வரும் பக்கத்து மேசை) பிளேடுக்கு மேல் நீட்டினாற்போல் நேரான மரச்சட்டம் ஒன்றை வைத்தேன் (இரும்பு ஸ்கேல் வேண்டாம், பிளேடு மழுங்கும்). பிளேடு மாட்டிய உருளையைக் கையால் சுற்றினால், பிளேடு சட்டத்தைத் தூக்கி 10 மில்லிமீட்டர் இழுத்துப் போனது. சரி, பின்மேசைதான் பிளேடைவிடத் தாழ்ந்திருக்கிறது! பிளேடு சட்டத்தை லேசாக உரசும்வரை மேசையை ஏற்றி இறுக்கினேன். பள்ளம் நின்றது.

இப்போதெல்லாம் மேசைக்கு மெழுகு தேய்த்துவிட்டுத்தான் சாப்பிடப் போகிறேன்.