ஒரு மாமி, மூன்று பதிவுகள்

அம்மாவின் கைபேசியில் சுன்னாகம் மாமி மூன்று தடவை இருந்தார். தொடர்பு எண்களை வைத்திருக்கும் ஃபோசிஃபை கான்டாக்ட்ஸ் செயலியைப் போட்டுத்தான் சீராக்கினேன்.

முதலில் முழுப் பட்டியலையும் விசிஎஃப் (தொடர்புகளைச் சேமிக்கும் கோப்பு வகை) கோப்பாக ஏற்றுமதி செய்து வேறிடத்தில் வைத்துவிடுங்கள். ஒருமுறை இதைச் செய்யாமல் காஸ் கடைக்காரரின் எண்ணைத் தொலைத்தேன். இரண்டு நாள் வீட்டில் விறகுச் சமையல். செயலி இருப்பிட அனுமதியும் கேட்டால் மறுத்துவிடுங்கள். தொடர்புப் பட்டியலுக்கு அது எதற்கு?

மாமி பெருகியதன் காரணம், ஒரே எண்ணைப் பல விதமாகச் சேமித்ததுதான். 077 எண்ணின் முன்னுள்ள பூச்சியத்தை எடுத்துவிட்டு, இலங்கையின் குறியீடான +94 சேர்த்து +9477 என்று எழுதுங்கள். 021 வீட்டு எண்கள் +9421 ஆகும். டொரொன்டோவில் இருக்கும் தம்பிக்கு அனுப்பினாலும் அப்படியே அழைக்கலாம்.

பிறகு குழுக்கள்: கனடா, கோயில், மீன். மீன் குழுவில் பாஷையூர்க்காரர் ஒருவர்தான். காலை ஆறு மணிக்கு அம்மாவுக்கு வேறு யாரும் தேவையில்லை.