முன் ஷொக்கை நீங்களே பூட்டலாம்: கிறவல் றோட்டுக்காரருக்கு ஒரு செய்முறை

இரணைமடுக் குளக்கட்டில் சைக்கிள் ஹாண்டிலை இடப்பக்கம் திருப்பினேன். முன் சில்லு நேரே போனது. நல்லகாலம், விழுந்தது கல் அடுக்கின பக்கம் இல்லை, புல்லுப் பக்கம். முழங்கையில் தோல் போனதோடு தப்பினேன்.

முதல்நாள்தான் புது ஷொக்கை (முன் சில்லைப் பிடித்துக் குலுக்கலை வாங்கும் கவையை) நானே பூட்டியிருந்தேன். ஹாண்டிலின் நடுவில் உச்சியில் இருக்கும் மேல் மூடியின் போல்டைப் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினேன், பக்கத்துப் போல்ட் இரண்டையும் சும்மா தொட்டுவிட்டு விட்டேன். பரந்தனில் சைக்கிள் திருத்தும் அண்ணை பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, மேல் மூடி ஹாண்டிலைப் பிடிக்கிறேல்லை. அது ஆட்டம் எடுக்க மட்டும். பிடிக்கிறது பக்கத்திலை இருக்கிற ரெண்டும்தான்." எந்தப் போல்ட் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் இந்த வேலையில் பாதி முடிந்த மாதிரி. மற்றப் பாதி, புழுதியைத் துடைக்கிற வேலை.

முதலில் ஒரு கேள்வி: உங்களுக்கு ஷொக் தேவையா? ஏ9 கார்பெட் றோட்டிலும் உள்வீதியிலும் மட்டும் ஓடுகிறவருக்குத் தேவையில்லை. மலிவான சுருள்வில் ஷொக் 2 கிலோவுக்கு மேல் பாரம். அந்தக் காசுக்கு 2 அங்குல அகலமான நல்ல ரயர் இரண்டு வாங்கி, காற்றைக் கொஞ்சம் குறைத்து ஓடினால் கை நோகாது. வாய்க்கால் வரம்பு, காட்டுப்பாதை, மழைக்குப் பிறகு அரித்துப்போன கிறவல் ஒழுங்கை என்று ஓடுகிறவர் மேலே படியுங்கள்.

கடைக்குப் போக முன்: ஒரு கடதாசித் துண்டு

ஷொக்கின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் குழாயைத்தான் ஸ்டியரர் என்கிறோம். அது சைக்கிளின் தலைக்குழாய்க்குள் போகவேண்டும். அளவு தெரியாமல் வாங்கிக்கொண்டு வந்து, தலைக்குழாயோடு மல்லுக்கட்டின ஆட்களைக் கண்டிருக்கிறேன். குழாயின் விட்டம் அளக்கும் வேர்னியர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பழைய ஷொக்கைக் கழட்டி, கொப்பியில் கிழித்த கடதாசித் துண்டு ஒன்றை ஸ்டியரரில் ஒரு சுற்று இறுக்கிச் சுற்றி, நுனி முட்டும் இடத்தில் பேனையால் கோடு போடுங்கள். விரித்து அளந்தால் கிட்டத்தட்ட 8 சென்ரிமீற்றர் என்றால் அது 1 அங்குலக் குழாய், பழைய வகை. 9 சென்ரிமீற்றர் என்றால் 1 1/8 அங்குலம், அதாவது 28.6 மில்லிமீற்றர், இப்போதைய மவுண்டன் சைக்கிள்களில் அதிகம் இதுதான். அடிப்பக்கம் மட்டும் 12 சென்ரிமீற்றர் வருகிறதென்றால் கூம்பு வகை. நேர்க்குழாய்க்கான தலைக்குள் கூம்பு ஸ்டியரர் பெரும்பாலும் போகாது.

குழாயில் மரை வெட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். மரை உள்ளது பெரிய நட்டுப் போட்டு இறுக்கும் பழைய முறை. இந்தக் கட்டுரை மரை இல்லாத வகைக்கு மட்டும்.

இன்னும் மூன்று பொருத்தம் பார்க்கவேண்டும். சில்லு 26, 27.5, 29 இதில் எது? உங்கள் பிறேக் டிஸ்க்கா, றிம்மைப் பிடிக்கும் வீ பிறேக்கா? வீ பிறேக் என்றால் ஷொக்கின் கால்களில் அதற்கான குமிழ் இரண்டும் இருக்கவேண்டும். டிஸ்க் மட்டும் போடும் ஷொக்கில் அவை இராது. அச்சு பழைய 9 மில்லிமீற்றர் கெதிக்கழட்டியா (நெம்பைத் திருப்பிக் கழட்டுவது), 15 மில்லிமீற்றர் தடி அச்சா? அதோடு ஆசைப்பட்டு உயரமான ஷொக் வாங்காதீர்கள். ஷொக் அமுங்கும் தூரம் 20 மில்லிமீற்றர் கூடினால் தலைக்குழாயின் சரிவு ஏறக்குறைய 1 பாகை மாறும். ஹாண்டில் மந்தமாகும், சட்டத்தில் விழும் பாரமும் கூடும். பழைய அளவு 100 என்றால் 100, மிஞ்சினால் 120.

பாவித்த ஷொக் என்றால் வெளிச்சத்துக்குப் பிடித்து உட்குழாயில் நகத்தை ஓடவிடுங்கள். நகம் தடக்குகிற கீறல் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்தக் கீறல் ஒவ்வொரு அமுக்கத்திலும் றப்பர் சீலை அறுத்துக்கொண்டே இருக்கும்.

கழட்டுவது

முன் சில்லையும் பிறேக்கையும் எடுங்கள். பிறகு மேல் மூடி, அதன்பின் ஸ்டெம்மின் (ஹாண்டிலை ஸ்டியரரோடு பிடிக்கும் துண்டின்) பக்கப் போல்ட்கள். ஹாண்டிலைக் கயிற்றால் சட்டத்தோடு கட்டிவிடுங்கள், கேபிள் இழுபடாமல் இருக்கும். இனி ஷொக்கைப் பிடித்துக்கொண்டு ஸ்டெம்மை மேலே இழுத்தால் ஷொக் கீழே இறங்கும். கையால் தாங்காவிட்டால் பாதத்தில் விழும்.

இறங்க முன்னும் பின்னும் போனில் படம் எடுங்கள். பெயாரிங், பிளந்த வளையம், மூடி, இடைவளையங்கள் எல்லாம் எந்த ஒழுங்கில், எந்தப் பக்கம் மேலே பார்த்தபடி இருந்தன என்று ஒரு மணித்தியாலத்தில் மறந்துபோகும். நான் பழைய சாரம் ஒன்றை நிலத்தில் விரித்து, கழட்டிய ஒழுங்கிலேயே வரிசையாக வைப்பேன். கோழி வந்து கிண்டாத இடமாகப் பாருங்கள்.

கீழ் வளையமும் குழாய் வெட்டுதலும்

பழைய ஷொக்கின் அடியில் பெயாரிங் உட்காரும் வளையம் ஒன்று இறுக்கமாக இருக்கும். தட்டைத் திருகியை விளிம்பில் வைத்து, இந்தப் பக்கம் ஒரு தட்டு அந்தப் பக்கம் ஒரு தட்டு என்று மாறிமாறித் தட்டினால் மெல்ல மெல்ல ஏறும். ஒரே பக்கத்தில் ஓங்கி அடித்தால் வளையம் கோணும். புதிய ஷொக்கில் இறக்கும்போது ஸ்டியரரில் வழுக்கி இறங்கும் அளவான இரும்புக் குழாய்த் துண்டை மேலிருந்து வைத்துத் தட்டுங்கள். பெயாரிங் படும் சரிவான முகத்தில் குழாய் படக்கூடாது. இறங்கி முட்டியதும் தட்டுகிற சத்தம் மாறும்: 'டொக் டொக்' என்றிருந்தது 'டங்' என்று கேட்கும். வளையத்துக்கும் ஷொக்குக்கும் இடையில் கடதாசி நுழையாவிட்டால் சரி. வளையத்தில் ஒரு வெட்டு இருந்தால் சுத்தியல் தேவையில்லை, கையாலேயே இறங்கும்.

இனித்தான் பயமான கட்டம். புதிய ஷொக்கின் ஸ்டியரர் நீளமாக வரும், வெட்டவேண்டும். கட்டையாக வெட்டினால் ஷொக்கே குப்பைக்கு. ஆகையால் முதலில் வெட்டாமலே பெயாரிங், இடைவளையம், ஸ்டெம் எல்லாவற்றையும் பூட்டிப் பார்த்து, ஸ்டெம்மின் (அல்லது அதற்கு மேல் வரும் இடைவளையத்தின்) உச்சியில் சுற்றிவரக் கோடு போடுங்கள். வெட்டவேண்டிய இடம் அந்தக் கோட்டிலிருந்து 3 மில்லிமீற்றர் கீழே. அந்த இடைவெளி இல்லாவிட்டால் மேல் மூடி ஸ்டியரரில் முட்டி நிற்கும், பெயாரிங்கின் ஆட்டம் எடுபடாது. சந்தேகம் என்றால் ஒரு இடைவளையத்தைக் கூட வைத்து நீளமாக விடுங்கள். நீளத்தைப் பிறகும் குறைக்கலாம்.

வெட்டு நேராக வர, பழைய ஸ்டெம் ஒன்றை வெட்டவேண்டிய அந்த இடத்தில் பூட்டி அதன் விளிம்போடு இரும்பு வாளை ஓட்டுங்கள். வெட்டியதும் உள்ளும் வெளியும் அரத்தால் பிசிறு எடுத்து, குழாயைத் தலைகீழாகப் பிடித்து இரும்புத் தூளைத் தட்டிவிடுங்கள். அடுத்தது நட்சத்திர நட்டு, மேல் மூடியின் போல்ட் பிடிக்க ஸ்டியரருக்குள் இருப்பது. மேல் மூடியின் போல்டையே அதில் நாலைந்து சுற்றுத் திருகி, மரக்கட்டை வைத்து, நேராகப் பார்த்துப் பார்த்து 15 மில்லிமீற்றர் ஆழத்துக்கு இறக்குங்கள். கார்பன் ஸ்டியரரில் இந்த நட்டைப் போடக்கூடாது. அதற்கு விரிந்து பிடிக்கும் வேறு வகை இருக்கிறது.

பூட்டுதல்

ஷொக்கின் பாலம் போன்ற வளைவு முன்பக்கம் வரவேண்டும். சிரிக்காதீர்கள், பின்பக்கம் வளைவு பார்க்கப் பூட்டி ஓடும் சைக்கிள்களைக் கிளிநொச்சிச் சந்தைப் பக்கமே கண்டிருக்கிறேன். சில்லின் அச்சு ஷொக் காலின் நடுவுக்கு முன்னால் நிற்கவேண்டும். மனிற்றூ போல வளைவைப் பின்னால் வைத்தே செய்யும் தயாரிப்புகளும் உண்டு. அதனால் வளைவைவிட அச்சைப் பார்ப்பதுதான் உறுதி.

பெயாரிங்குக்குத் தாராளமாகக் கிறீஸ் பூசி, போனில் உள்ள படத்தைப் பார்த்து அதே ஒழுங்கில் ஏற்றுங்கள். பிறகு முன் சில்லையும் பிறேக்கையும் திரும்பப் போடுங்கள். அடுத்தது இறுக்குதல். இது மூன்று நிலை, ஒழுங்கு மாறக்கூடாது.

ஸ்டெம்மின் பக்கப் போல்ட்கள் லூசாக இருக்க, மேல் மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். முன் பிறேக்கைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையின் சுட்டுவிரலைத் தலைக்குழாயும் ஷொக்கும் சந்திக்கும் வெடிப்பில் வைத்து, சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். விரலில் 'டிக் டிக்' என்று தெரிந்தால் இன்னும் கால் சுற்று. ஆட்டம் நின்றதும் முன் சில்லைத் தூக்கிப் பிடியுங்கள். ஹாண்டில் தன்பாட்டில் ஒரு பக்கம் சாயவேண்டும். தடக்கித் தடக்கித் திரும்பினால் அளவுக்கு மீறி இறுக்கிவிட்டீர்கள், கொஞ்சம் இளக்குங்கள்.

ஸ்டெம்மை முன் ரயரோடு நேராக்குங்கள். சைக்கிளுக்கு மேலே நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கலாம்.

இப்போது பக்கப் போல்ட்கள், ஒன்றுவிட்டு ஒன்று. பெரும்பாலான ஸ்டெம்முக்கு 5 முதல் 6 நியூட்டன் மீற்றர் என்று அதிலேயே எழுதியிருக்கும். இறுக்கத்தின் அளவைக் காட்டும் ரோர்க் சாவி இல்லையா? மீன்காரரின் தூக்குத் தராசு காணும். அலன் கீயின் நீண்ட காலில், போல்டின் நடுவிலிருந்து 10 சென்ரிமீற்றர் தள்ளித் தராசுக் கொழுக்கியை மாட்டி, செங்குத்தாக இழுங்கள். முள் 5 கிலோவைத் தொடும்போது கிட்டத்தட்ட 5 நியூட்டன் மீற்றர். முதல் தரம் செய்யும்போது எனக்கே 'இவ்வளவுதானா?' என்றிருந்தது. கை பழகும்வரை தராசோடு செய்யுங்கள்.

சில்லின் கெதிக்கழட்டி நெம்பை மூடும்போது உள்ளங்கையில் அதன் தடம் பதியும் அளவுக்கு இறுக்கம் இருக்கவேண்டும். விரலால் இலகுவாக மூடினால் காணாது. டிஸ்க் பிறேக் பிடிக்கும்போது சில்லை அதன் குழியிலிருந்து வெளியே தள்ளும் விசை வரும். நெம்பு இளகினாலும் சில்லு கழன்று போகாமல் இருக்கக் குழி விளிம்பில் சின்ன மேடுகள் வைத்திருக்கிறார்கள். அவை இடைஞ்சல் என்று அரத்தால் தேய்க்கிற கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள், அந்த வேலை வேண்டாம்.

ஓட முன் இன்னொரு பரிசோதனை. காற்று ஷொக் (வில்லுக்குப் பதில் காற்றில் வேலை செய்வது) என்றால் காற்றை முழுவதும் இறக்கி, அடிமட்டம் வரை அமுக்குங்கள். ரயர் ஷொக்கின் மேற்பகுதியில் முட்டினால் அந்த ரயர் வேண்டாம். பள்ளத்தில் முட்டினால் சில்லு அப்படியே நின்றுவிடும், நீங்கள் ஹாண்டிலுக்கு மேலால் போவீர்கள். சுருள்வில் ஷொக்கைக் கையால் முழுக்க அமுக்க முடியாது. ரயரின் உச்சிக்கும் மேற்பகுதிக்கும் இடையிலான தூரத்தை அளந்து, அது ஷொக் அமுங்கும் அளவைவிட ஒரு விரல்கடையாவது கூட இருக்கிறதா என்று பாருங்கள்.

காற்றும் தொய்வும்

ரயர் பம்மும், சேவிஸ் கடைக் கொம்பிரசரும் ஷொக்குக்கு ஆகாது. உள்ளே அறை சின்னது, அழுத்தம் கூட. அதற்கென்றே அளவுமானி உள்ள சின்னக் கைப்பம் இருக்கிறது. எவ்வளவு அடிப்பது என்று பல ஷொக்குகளின் காலிலேயே உங்கள் பாரத்துக்கு ஏற்ற அட்டவணை ஒட்டியிருப்பார்கள். பம்மைக் கழட்டும்போது வரும் 'புஸ்' பம் குழாயில் மிஞ்சின காற்று, பதறவேண்டாம்.

உட்குழாயில் ஒரு றப்பர் வளையம் இருக்கும், இல்லாவிட்டால் நூல் ஒன்றைக் கட்டுங்கள். அதைச் சீல் வரை இறக்கி, வழமையாகக் கொண்டுபோகும் பையோடு மெதுவாக ஏறி நின்று, குதிக்காமல் இறங்குங்கள். வளையம் நகர்ந்த தூரம்தான் தொய்வு. 100 மில்லிமீற்றர் ஷொக்கில் அது 20 மில்லிமீற்றர் வரை இருந்தால் எங்கட பாதைகளுக்கு நல்லது. சுருள்வில் ஷொக்கின் மேலே உள்ள குமிழ் வில்லைக் கொஞ்சம் முன்கூட்டியே அமுக்கும், அவ்வளவே. 90 கிலோ ஆளுக்கு மெல்லிய வில்லை அது கட்டியாக்காது.

புழுதி

வன்னியில் ஷொக் சாவது பாய்ச்சலால் இல்லை, கிறவல் புழுதியால். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் உலர்ந்த மெல்லிய துணியால் உட்குழாயையும் சீலின் விளிம்பையும் துடையுங்கள். 20 செக்கன்தான். மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவுவது எங்கட ஊர்ப் பழக்கம், செயினுக்கு அது சரி. சீலில் பட்டால் றப்பர் ஊதக்கூடும். டபிள்யூ.டி. 40 அடித்தால் உள்ளே இருக்கும் கிறீஸ் கரையும். சேவிஸ் கடை அழுத்தத் தண்ணீரும் சீலைத் தாண்டி மண்ணை உள்ளே தள்ளும். வாளித் தண்ணீரும் துணியும் காணும். முல்லைத்தீவுக் கரை, ஆனையிறவுப் பக்கம் ஓடினால் அன்றைக்கே நல்ல தண்ணீரால் துடைத்து உப்பை எடுங்கள்.

பல காற்று ஷொக்குகளுக்கு 50 மணித்தியாலத்துக்கு ஒருமுறை கீழ்க்கால்களைக் கழட்டிச் சுத்தம் செய்து எண்ணெய் மாற்றச் சொல்கிறார்கள். தினமும் வேலைக்குப் போக அரை மணி, வர அரை மணி ஓடுகிறவருக்கு அது இரண்டு மாதத்துக்குள் வந்துவிடும். இதை முதல் தரம் தெரிந்தவரோடு இருந்து செய்யுங்கள். தனியாகச் செய்தாலும் ஒன்றை மறக்கவேண்டாம்: காற்றை முழுவதும் இறக்காமல் எந்த மூடியிலும் சாவி வைக்காதீர்கள். உள்ளே அழுத்தம் இருக்கும்போது கழன்ற மூடி முகத்துக்குத்தான் வரும். எண்ணெயின் வகையும் அளவும் ஷொக்குக்கு ஷொக் வேறு, தயாரிப்பாளரின் கையேட்டைப் பாருங்கள். மாரியில் அச்சு மூழ்கும் அளவு தண்ணீரில் இறங்கியிருந்தால் 50 மணித்தியாலத்தை எண்ணிக்கொண்டிராமல் உடனே திறந்து பாருங்கள்.

முதல் ஓட்டம் ஏ9இல் வேண்டாம். ஒழுங்கையில் ஒரு மணித்தியாலம் ஓடிவிட்டு வந்து, விரலை வெடிப்பில் வைத்து ஆட்டத்தைப் பாருங்கள், பக்கப் போல்ட் இரண்டிலும் தராசை ஒருமுறை மாட்டுங்கள். புதிதாகப் பூட்டிய பெயாரிங் கொஞ்சம் இருந்துகொடுக்கும், அதனால் சின்ன ஆட்டம் வருவது வழமை. வந்தால் முதலில் பக்கப் போல்ட்களை இளக்கி, பிறகு மேல் மூடியைக் கால் சுற்று இறுக்கி, திரும்பவும் பக்கப் போல்ட்கள்.